பால் கண்ணாடியும் கறுப்பு வளையலும்

புதுக்கோட்டை சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பெரியம்மை என் மகளின் இடது கண்ணைக் கொண்டுபோனது. அவளுக்கு நான்கு வயது. மனைவி மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சார்த்தினாள். எனக்கோ அம்மன்மேல் ஆத்திரம்தான் வந்தது.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் கண்ணாடிக் குழாய்களை வளைப்பதும் ஒட்டுவதும் என் வேலை. செயற்கைக் கண் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், உமக்குக் கட்டுப்படியாகாது என்று திருச்சி டாக்டர் சொன்னார். நானே ஊதிக்கொள்கிறேன் என்று முறைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும்லங்க, எப்படியாச்சும் செஞ்சிருங்க" என்றாள் மனைவி.

உடைந்த விளக்கொன்றின் பால் நிறக் கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். வீட்டில் துருத்தியைக் காலால் மிதித்து, சுடரில் உருக்கி, குமிழாக ஊதி, குழிந்த சில்லாக நறுக்கி, ஓரத்தை மழுக்குவேன். அளவு பார்க்க அந்த வெறும் வெள்ளைச் சில்லை மகளின் இடது கண்ணில் வைப்பேன். உடனே அவள் நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்வாள். சுடர் கூசுகிறது போல என்று நினைத்துக்கொள்வேன்.

"உறுத்துதா ஆத்தா?"

"இல்லப்பா."

"இன்னும் கருவிழி வைக்கலை. அது வச்சாத்தான் கண்ணு."

அவள் கையை எடுத்துவிட்டு விளையாடப் போய்விடுவாள்.

அந்தக் கருவிழிதான் என் உயிரை எடுத்தது. கறுப்பு வளையல் துண்டை உருக்கிக் குமிழில் ஒட்டினால், சூட்டில் அழகாக இருக்கும். ஆறும்போது 'டிக்' என்று விரிசல் விடும். உமிச்சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டாலும் அதே சத்தம்.

பால் கண்ணாடியையும் வளையலையும் அருகருகே ஒட்டி உருக்கி நூலாக இழுத்துப் பார்த்தேன். ஆறியதும் நூல் ஒரு பக்கமாக வளைந்தது. ஒன்று கூடச் சுருங்குகிறது, மற்றது குறைய. பொருந்தாத சம்பந்தம். விராலிமலைத் திருவிழா, கீரமங்கலம் சந்தை என்று போன இடமெல்லாம் வளையல் வாங்கி நூல் இழுத்தேன். எல்லாம் வளைந்தன. "கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரமாய்யா?" என்று கூடத்தில் ஒருவர் கேலி செய்தார். எல்லாரும் சொல்கிற பேச்சுதான். நான் அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. கடைசியில் வளையலை மாற்றுவதை விட்டேன். வளையல் தூளில் பால் கண்ணாடித் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி உருக்கினேன். கறுப்பு வெளுத்துப் பழுப்பாயிற்று. அதைப் பால் கண்ணாடியோடு ஒட்டி இழுத்தபோது நூல் நேராக நின்றது. நம் ஊர்க் கண்களின் நிறமும் அதுதானே! அந்தப் பழுப்பைக் குமிழில் ஒட்டி, நடுவில் பொட்டளவு சுத்தக் கறுப்பு வைத்தேன். ஆறும்போது விரிசல் விடாமல் தாங்கியது.

மறுநாள் காலை அதை மகளுக்கு வைத்தேன். மனைவி பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதாள். "யாராலயும் கண்டுபுடிக்க முடியாதுங்க" என்றாள்.

மகள் வழக்கம்போல நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பிறகு என் பக்கம் திருப்பி, கையை நீட்டி என் முகத்தைத் தடவினாள்.

"அப்பா, கருவிழி வச்சாச்சுல்ல?"

"வச்சாச்சு ஆத்தா."

"இருட்டாவே இருக்கேப்பா. தெரியறதுக்கு இன்னுங் கொஞ்ச நேரம் ஆகுமா?"

அவள் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.