எனக்கு முன்னே போன என் படம்

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சூளகிரியிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஒரு சாலையில் நடந்தது. ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது படிக்கப் படிக்க உங்களுக்கே புரியும்.

நான் ஓசூரில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே வந்து இத்தனை காலம் ஆகியும் தெலுங்கும் கன்னடமும் காய்கறி வாங்குகிற அளவுக்குக்கூட வாயில் நுழையவில்லை. வந்த புதிதில் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பினால் பேச ஆள் கிடையாது. நூலகத்தில் எடுத்துப் படித்த புத்தகங்களைப் பற்றி ஒரு வலைப்பூ ஆரம்பித்து எழுதினேன். விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் படித்தார்கள். அதில் ஒருவர் வளைகுடாவிலிருந்து நான் எழுதியதைவிட நீளமாகப் பின்னூட்டம் போடுவார். அவர் எழுதியதைப் படித்துவிட்டு நான் அந்தப் புத்தகத்தையே மறுபடி எடுத்துப் புரட்டியதுண்டு.

பிறகு எல்லோரும் பேஸ்புக்குக்குப் போனார்கள், நானும் போனேன். அங்கே புத்தகத்தைப் பற்றி எழுதினால் யாரும் நிற்பதில்லை, படம் வேண்டும். இந்தப் பக்கத்தில் நடுகற்கள் நிறைய. எப்போதோ சண்டையில் செத்துப்போன வீரனுக்காக நட்டு வைத்த கற்கள், வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் கேட்பாரில்லாமல் கிடக்கும். ஒரு கல்லைப் படம் எடுத்து நாலு வரி எழுதிப் போட்டேன். லைக் வந்து குவிந்தது. அதோடு பழகிவிட்டது. வார விடுமுறை வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். படிப்பது குறைந்துபோனது. புத்தகத்தைத் திறந்தாலும் பக்கத்தில் கைபேசி மினுங்கிக்கொண்டே இருக்கும்.

அன்றைக்குப் போன இடத்தில் கல் ஒரு புளியமரத்தடியில் இருந்தது. தேய்ந்த எழுத்து கண்ணுக்குத் தெரிவதற்காகச் சாக்பீஸைப் பொடித்து ஒரு பாலித்தீன் கவரில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். பையில் அந்தப் பொடி, ஒரு பிரஷ், தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட். கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களைக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். பிஸ்கட்டைப் பிரித்து ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். ஓடிவிட்டார்கள்.

பைக்கில் போய்க்கொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு நின்றார். தெலுங்கில் என்னவோ கேட்டார். எனக்குப் புரியவில்லை, சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்து என்னைப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தாலும் பெரிதாக நினைக்கவில்லை. கல்லின் படத்தைப் பேஸ்புக்கில் ஏற்றுவதற்குச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தேன். ஏறியதும், இரண்டு மூன்று லைக் விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பிள்ளை பிடிக்கும் கும்பல் ஒன்று சுற்றுகிறது என்று அந்த வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு பரவிக்கொண்டிருந்தது. எங்கள் தொழிற்சாலை குரூப்புக்கும் வந்தது. நான் அதைக் கேட்கக்கூட இல்லை.

அடுத்த ஊர் முக்கில் சாலைக்குக் குறுக்கே ஒரு டிராக்டரை நிறுத்தியிருந்தார்கள். ஏதோ விபத்து என்று நினைத்து வண்டியை நிறுத்தினேன். நாலைந்து பேர் சுற்றி வந்தார்கள். ஒருவர் சாவியை உருவிக்கொண்டார். இன்னொருவர் தன் கைபேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கைபேசியைப் பார்த்தார். அதில் இருந்தது நான். புளியமரம், நீலச் சட்டை, கையில் பிஸ்கட் பாக்கெட். படத்துக்குக் கீழே ஏதோ எழுதியிருந்தது. எழுத்துத் தெலுங்கு. ஆனாலும் என்ன எழுதியிருக்கும் என்பது அந்த முகங்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

எந்த ஊர் என்று தமிழில் கேட்டார்கள். ஓசூர் என்றேன். அடையாள அட்டை கேட்டார்கள். விடுமுறை நாளில் யார் கம்பெனி அட்டையை மாட்டிக்கொண்டு போகிறார்கள்? பர்ஸில் இருந்த ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினேன். அதில் திருநெல்வேலி முகவரி. பதற்றத்தில் என் வாயிலிருந்து வந்தது எங்கள் ஊர்ப் பேச்சு.

“அண்ணாச்சி, நான் சொல்லுததக் கொஞ்சம் கேளுங்க.”

“ஓசூர்ல இருக்கறவன் இப்டியா பேசுவான்?” என்றார் சாவியை வைத்திருந்தவர். “இவன் பேச்சே சரியில்ல.”

அதற்குள் கூட்டம் பெருகிவிட்டது. பையைக் கொட்டினார்கள். வெள்ளைப் பொடியைப் பார்த்ததும் ஒரு இரைச்சல் எழுந்தது. மயக்க மருந்து என்று யாரோ சொன்னார்கள். கைபேசியைப் பிடுங்கித் திறக்கச் சொன்னார்கள். படங்களில் முதலில் வந்து நின்றது அந்தப் பிள்ளைகளின் படம். பேஸ்புக்கில் எழுதுகிறேன், கல்லைப் படம் எடுக்க வந்தேன் என்று நான் சொல்வது எனக்கே பொய் போலக் கேட்டது. முதல் அடி கன்னத்தில் விழுந்தது. அடுத்தது முதுகில். கண்ணாடி எங்கேயோ தெறித்தது. அதற்குப் பிறகு எல்லா முகமும் மங்கல்தான். கைகள் மட்டும் தெரிந்தன. அதில் பாதிக் கைகள் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தன.

அப்போது ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. இன்னொரு அடிக்குத் தயாராக முகத்தை மூடிக்கொண்டேன். இழுத்தது ஒரு அம்மா. ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலையிலும் புருவத்திலும் மாவு படிந்திருந்தது. முக்கிலேயே அவருடைய மாவு மில் இருந்தது. அவரும் அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து மற்றவர்கள் வழி விட்டார்கள் போலிருக்கிறது. தரதரவென்று என்னை மில்லுக்குள் இழுத்துப்போய்க் கேழ்வரகு மூட்டைகளின் மேல் தள்ளினார். பிறகு தமிழில் கேட்டார்.

“புள்ளைங்கள புடிக்க வந்தியா?”

இல்லை, கல்லைப் படம் எடுக்க வந்தேன் என்றேன். என் முகத்தையே பார்த்தார். நம்பிய பார்வையாக அது இல்லை. வெளியே போய் ஷட்டரை இறக்கினார்.

உள்ளே இருட்டு. ஷட்டர் இடுக்கில் கால்கள் நகர்வது மட்டும் தெரிந்தது. யாரோ கட்டையால் ஷட்டரைத் தட்டினார்கள். அந்த ஓசை தகரத்தில் எழுந்து என் பல்லுக்குள் வந்து அதிர்ந்தது. பின்பக்க ஜன்னல் கம்பியை ஒருவன் பிடித்து ஆட்டிப் பார்த்தான். நான் மாவரைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துவிட்டேன். வெளியே அந்த அம்மாவின் குரல் கேட்டது. தெலுங்கில் பேசினார். கூட்டம் கத்தியது, அவர் பேசினார், மறுபடி கத்தினார்கள், மறுபடி பேசினார். போலீஸ் என்பதும் பிள்ளைகள் என்பதும் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் உயிரைப் பற்றி என்னவோ முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள், அது என்ன என்று எனக்குப் புரியவில்லை. வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை. அந்தக் குரல் கொஞ்சம் தணிந்தாலும், ஒத்துக்கொண்டுவிட்டாரோ, ஷட்டரைத் தூக்கப்போகிறாரோ என்று இயந்திரத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவள் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன், வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் ஜீப் சத்தம் கேட்டது. ஷட்டரைத் தூக்கியபோது வெளிச்சத்தில் காக்கிச் சட்டையைப் பார்த்து அழுதுவிட்டேன். அந்த அம்மாவின் மருமகள் தங்கள் வீட்டின் பின்வாசல் வழியாகப் போய்ப் போலீசுக்குப் போன் செய்திருக்கிறாள். ஜீப்பில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காவல் நிலையத்துக்கு என் மனைவி கம்பெனி அட்டையைக் கொண்டு வந்தாள். விசாரித்து, மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் கட்டுப் போட்டு, வீட்டுக்கு அனுப்பினார்கள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தால், மனைவியின் கைபேசியில் எங்கள் குடியிருப்பு குரூப்பில் என் படம் வந்திருக்கிறது. எச்சரிக்கை, பகிரவும் என்ற வாசகத்தோடு. கீழ்வீட்டுக்காரர் என்னை அடையாளம் கண்டு, இது நம் சார் அல்லவா என்று எழுதியிருந்தார். என்னைத் தெரியாதவர்களின் குரூப்புகளில் யார் அப்படி எழுதுவார்கள்?

அதற்குப் பிறகு பல வாரங்கள் நான் பைக்கை எங்கே நிறுத்தினாலும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. டீக்கடையில் ஒருவர் கைபேசியைப் பார்த்துவிட்டுத் தற்செயலாக நிமிர்ந்தாலும் அங்கிருந்து நழுவிவிடுவேன். மகளைப் பள்ளியில் விடப் போனால் வாசலுக்குத் தள்ளியே நிறுத்துவேன். குழந்தைகள் நிற்கும் இடத்தில் நிற்கப் பயம். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நடந்ததைப் பேஸ்புக்கில் எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். முதலில் ஆறுதல் சொன்னார்கள். பிறகு, நெருப்பில்லாமல் புகையுமா என்கிற தோரணையில் சிலர் கேட்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ராத்திரிக்குள் பேச்சு வேறு திசைக்குத் திரும்பியது. அது எந்த ஊர், சொல்லுங்கள், பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர்கள் பேசும் பாஷையை, ஜாதியை, மொத்தமாகத் திட்டி எழுதினார்கள். ஒருவர் ஏதோ ஒரு ஊரின் பெயரைத் தானே ஊகித்துப் போட்டுவிட்டார், அது தப்பான ஊர். என் பக்கம் நின்று கத்திய அந்தக் கூட்டத்தில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. மில்லுக்குள் உட்கார்ந்திருந்தபோது கேட்ட அதே இரைச்சல்தான். இந்த முறை ஷட்டருக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது அந்த அம்மாவின் ஊர். பதிவை நீக்கினேன். பிறகு கணக்கையே மூடினேன்.

சில மாதம் கழித்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். அந்த முக்கு வந்ததும் வண்டியை ஓட்ட முடியாமல் ஓரமாக நிறுத்திவிட்டேன். மனைவி கையைப் பிடித்துக்கொள்ள நடந்துதான் போனோம். மில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து மூட்டையின் மேல் உட்காரச் சொன்னார். அன்றைக்கு வெளியே நின்று என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

“இவன் யாருன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. விசாரிக்கறவங்க வரட்டும், அதுவரைக்கும் ஒருத்தனும் கை வெக்கக் கூடாதுன்னு சொன்னேன். அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கினு இருந்தேன்.”

அப்படியானால் நான் சொன்னதை நீங்கள் நம்பினீர்கள்தானே என்றேன். தலையை ஆட்டினார்.

“நம்பலப்பா. கல்லப் படம் எடுக்க எவனாச்சும் பெட்ரோல் போட்டுக்கினு வருவானா?”

மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அந்த அம்மா சிரிக்கவில்லை. தன் மகன் புனேயில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போயிருக்கிறான், அங்கே பேசுகிற பாஷை அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு என்னை அடித்தவர்களில் சிலர் இப்போதும் அவரிடம்தான் மாவரைக்க வருகிறார்களாம். யார் யார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது மறுபடி வலைப்பூவில் எழுதுகிறேன். லைக் கிடையாது. ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்து முடித்த பிறகுதான் எழுதுகிறேன், மனிதர்களின் படம் போடுவதில்லை. வளைகுடா நண்பர் ஊருக்கே திரும்பிவிட்டார், இன்னும் நீளமாகத்தான் பின்னூட்டம் போடுகிறார். குரூப்புகளிலிருந்து விலகிவிட்டேன். ஆனால் முன்பின் தெரியாத யாரையோ பற்றிய படங்களை இன்னும் யாராவது கொண்டுவந்து காட்டத்தான் செய்கிறார்கள். அவற்றைப் பார்த்து எனக்கும் சட்டென்று கோபம் வரத்தான் செய்கிறது. அத்தனை பேருக்கு முன்னால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லிக்கொண்டு நிற்க அந்த அம்மாவுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அந்தத் துணிச்சலில் ஒரு பிடியாவது எனக்குள் வந்து சேர்ந்திருக்கிறதா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.