காலிப் பத்தாயத்தில் கேட்ட மூச்சு

நான் பேய் பிசாசு என்று கதை விடுகிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி கேட்டதுமே நீங்கள் என் முகத்தை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள், இதுவரை கேட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் அதைப் பார்த்து எழுதிவைப்பது என் வழக்கம். காவிரியில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு என்றைக்கு வந்து சேர்ந்தது, எந்த வருஷம் குறுவை பொய்த்தது, எந்தப் புயலில் எந்தத் தென்னை விழுந்தது, எல்லாம் தேதியோடு என்னிடம் இருக்கும். ஊரில் யாரையாவது முனி அடித்துவிட்டது என்றால், என்றைக்கு, எத்தனை மணிக்கு, அப்போது நிலா இருந்ததா என்று கேட்டுக் கேட்டு, சொல்ல வந்தவரே சலித்து எழுந்து போகும்வரை விடமாட்டேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றங்கரையில் எங்கள் ஊர். என் மனைவி ராஜேஸ்வரி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகும் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. பார்வையில்லாத கல்லூரிப் பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்து, போனில் பதிவு செய்து அனுப்புவாள். அதில் ஷாகிதா என்று ஒரு பெண், அதிராம்பட்டினத்துக்காரி, தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் போன் செய்தாள்.

“டீச்சர், பணவீக்கம்னா என்னன்னு நீங்க சொல்ற இடத்துல கரெக்டா மயில் கத்திடுச்சு. இப்ப பணவீக்கம்னாலே எனக்கு மயில்தான் ஞாபகம் வருது. பரீட்சையில மயில்னு எழுதிட்டு வந்துடப் போறேன்.”

ராஜி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் ஷாகிதா சொன்னது உண்மைதான். மயில் ஒன்றா, எதிர்ப்புறம் நெல் கொள்முதல் நிலையம், லாரி, அறுவடை மிஷின், கோயில் குழாய் ஒலிபெருக்கி, மழைக்காலம் வந்தால் தவளை. டெல்டாவில் அமைதி என்று ஒன்று இருப்பதாக வெளியூர்க்காரர்கள்தான் சொல்வார்கள்.

அதனால் குரல் பதிவு செய்ய ஒரு சின்ன அறை கட்டிக்கொடுப்பது என்று முடிவு செய்தேன். கடையில் கேட்ட விலைக்கு ஒரு பழைய டிராக்டரே வாங்கிவிடலாம் போலிருந்தது. பிறகு யூடியூபில் இரண்டு வாரம் பார்த்துப் படித்து, கடைசியில் என் கண் எங்கள் வீட்டுப் பத்தாயத்தின் மேல் விழுந்தது. நெல் கொட்டிவைக்கிற மரப்பெட்டிதான், ஆனால் ஆள் உயரம், உள்ளே நாற்காலி போட்டு ஒருவர் தாராளமாக உட்காரலாம். நிலத்தை விற்றபிறகு அதில் காலி டின்களும் பழைய பஞ்சாங்கங்களும்தான் கிடந்தன. எங்கள் ஊர்த் தச்சர் முருகையன் பலகை பலகையாகக் கழற்றி, பின்கட்டில் தகரம் வேய்ந்த அறையில் திரும்ப நிறுத்தினார். பக்கவாட்டில் ஒரு கதவு வெட்டினார். சுற்றிலும் ஒட்டுப்பலகையில் இரண்டாவது சுவர், இரண்டுக்கும் நடுவில் ரைஸ் மில் உமியைத் திணித்து அடைத்தோம். உள்ளே பழைய ஜமக்காளம், கதவு விளிம்பில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம், மூச்சு முட்டாமல் இருக்க வளைத்துவிட்ட ஒரு பிவிசி குழாய். அவ்வளவுதான்.

“ஆளை உள்ள வெச்சு அடைக்கிறதுக்கா சார் பத்தாயம்? டீச்சர் அப்படி என்ன தப்பு பண்ணிட்டாங்க?” என்று முருகையன் கேட்டார்.

“பேசினேன் முருகையா. வேறென்ன பண்ணேன்?” என்றாள் ராஜி.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பத்தாயத்தை எங்கள் பக்கம் வழித்துத் துடைத்து வைக்க மாட்டார்கள். அடியில் ஒரு கைப்பிடி நெல்லாவது கிடக்க வேண்டும். எங்களுடையதிலும் மூலையில் கொஞ்சம் கிடந்தது. அதைப் பெருக்கி எடுத்துவிட்டேன், நாற்காலிக் கால் பட்டால் நறநறவென்று மைக்கில் கேட்கும். முருகையன் துடைப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ராஜி ஒரு பிடி அள்ளித் திரும்ப உள்ளே போட்டாள். அதையும் எடுத்துக் குருவிகளுக்கு இறைத்தேன். “உங்க மைக்குக்குக் காது ரொம்பத்தான் நீளம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. என் கொழுந்தியாள்தான் இன்றுவரை அதையே சொல்கிறாள்.

சித்திரையில் அறை தயாரானது. ராஜி உள்ளே உட்கார்ந்து இரண்டு பாடம் வாசித்தாள். எனக்கே பெருமையாக இருந்தது, கொள்முதல் நிலையத்து லாரி ஒரு முணுமுணுப்பாகக்கூடக் கேட்கவில்லை. அனுப்பிய மறுநாள் ஷாகிதா பேசினாள்.

“சூப்பரா இருக்கு டீச்சர், மயில் போயிடுச்சு. ஆனா பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்க?”

“யாரும் இல்லையேம்மா. நான் மட்டும்தான் இருந்தேன்.”

“இல்ல டீச்சர், மூச்சு விடுறாங்க. அவங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?”

எங்கள் காதுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நான்தான் அப்படியே விடுகிற ஆள் இல்லையே. அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது, வெயில் கொல்லையை வறுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். ராஜி பாபநாசம் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். காலி அறைக்குள் ரெக்கார்டரை ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். பாட்டரி தீர்ந்து அதுவாக நிற்கும்வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் ஹெட்போனை மாட்டி, சத்தத்தை முழுக்க ஏற்றிவைத்து, முதல் பத்து நிமிஷம் கேட்டேன்.

மூச்சுதான். நம் மூச்சு மாதிரி இல்லை. ஒரு ஒல்லியான குழாய்க்குள் காற்று நுழைகிற மாதிரி ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், நடுவில் ஈரமாக ஒரு ‘டிக்’, பிறகு வெளியே வருகிற காற்று. நாலைந்து மூச்சுக்கு ஒருமுறை ஒரு தடுக்கல், சுமையை இறக்கிவைத்து மறுபடி தூக்குகிற மாதிரி.

எனக்குப் பயமெல்லாம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உமியில் அந்துப்பூச்சி இருக்கும் என்றார் முருகையன். உமி முழுவதையும் எடுத்து வெயிலில் காயவைத்துத் திரும்ப அடைத்தோம். பிவிசி குழாயைத் துணியால் அடைத்தேன். பிரிட்ஜை நிறுத்தினேன். எலிப்பொறி வைத்தேன். எதை மாற்றினாலும் பதிவில் அது இருந்தது. கடைசியில் கணினியில் ஒரு வழி இருக்கிறதே, காலி அறையின் சத்தத்தைக் கொஞ்சம் காட்டினால், பதிவிலிருந்து அதை மட்டும் கழித்துத் தந்துவிடும், அதைச் செய்தேன். அந்த மத்தியானப் பதிவின் முதல் சில நிமிஷங்களைத்தான் அதற்குக் கொடுத்தேன். மிச்சத்தைக் கேட்கவில்லை. காலி அறையை யார் மணிக்கணக்காக உட்கார்ந்து கேட்பார்கள்? ‘காலி அறை’ என்று பெயர் போட்டு, மற்ற பாடங்களோடு அதையும் சேமித்துவைத்தேன்.

“இப்ப அவங்க எழுந்து போயிட்டாங்க டீச்சர்” என்றாள் ஷாகிதா.

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது ராஜியின் குரல் கம்மியது. உமித்தூசி என்றோம், மிளகுப்பால் குடித்தாள். ஆவணியிலும் அப்படியே இருந்தது. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம், குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துச் சோதித்தார்கள். அந்த வார்த்தையை நான் இங்கே எழுதவில்லை, உங்களுக்கே புரிந்திருக்கும். குரல்வளையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சும் என்றார் டாக்டர். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், இனி அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு இருக்காது.

அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் கிடைத்த நாட்களில் அவள் அந்தப் பத்தாயத்தை விட்டு வெளியே வரவில்லை. கரகரத்த தொண்டையோடு ஷாகிதாவின் மிச்சப் பாடங்களை வாசித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன், “ராஜி, நமக்குன்னு ஏதாவது கொஞ்சம் பேசி வையேன்.”

“நமக்கா? நாம என்ன பரீட்சையா எழுதப் போறோம்?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கடைசி பாடம் முடிச்சுட்டுப் பேசுறேன், இருங்க” என்றாள். கடைசிப் பாடம் முடிந்த அன்று அவளுக்குக் குரல் மிச்சமில்லை. இன்று என் மனைவியின் குரல் என்று என்னிடம் இருப்பது வங்கியும் வரியும் பணவீக்கமும்தான். சில சாயங்காலங்களில் அதைப் போட்டுக் கேட்கிறேன். நடுவில் ஓரிடத்தில் “இதை இன்னொரு தடவை சொல்றேன், கவனிங்க” என்று வரும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

புரட்டாசியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. சில நாள் கழித்து வார்டுக்கு மாற்றினார்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், மத்தியான நேரம், சாப்பாட்டுக்கூடைக்காரர்கள் போய் வார்டு கொஞ்சம் அடங்கியிருந்தது. ராஜி தூங்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கேட்டேன்.

‘ஸ்ஸ்’. ஈரமாக ஒரு ‘டிக்’. வெளியே வருகிற காற்று. நாலைந்து மூச்சுக்கு ஒருமுறை அந்தத் தடுக்கல்.

எழுந்து போய் நர்ஸிடம் கேட்டேன். “டியூப் வெச்சிருக்கோம்ல, எல்லாருக்கும் அப்படித்தான் சார் கேக்கும். பயப்படாதீங்க” என்றார். பக்கத்துப் படுக்கையில் அதே அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெரியவர் இருந்தார். அவர் மூச்சையும் நின்று கேட்டேன். அதில் அந்தத் தடுக்கல் இல்லை.

வீட்டுக்கு வந்தபிறகு, ராஜிக்குத் தெரியாமல், ஒரு காதில் ஹெட்போனில் அந்தப் பதிவும் இன்னொரு காதில் அவள் மூச்சுமாக வைத்துப் பார்த்தேன். எதிலிருந்து எது வருகிறது என்று எனக்கே தெரியாமல் போனது. ஹெட்போனைக் கழற்றிவைத்தேன். அவளிடம் நான் சொல்லவேயில்லை.

பிள்ளைகள் எழுதி அழிக்கிற பலகை ஒன்று அவளுக்கு வாங்கிக்கொடுத்திருந்தேன், மேல்தாளைத் தூக்கினால் எழுத்து மறைந்துவிடும், அதுதான். யார் வந்தாலும் கழுத்தையே பார்க்கிறார்கள் என்று பகலெல்லாம் போய்ப் பத்தாயத்துக்குள் உட்கார்ந்துகொள்வாள். ஐப்பசி, கார்த்திகை மழையையும் அதற்குள்ளிருந்தே கேட்டாள். எந்தச் சத்தத்தையும் உள்ளே விடாத அந்த அறையில், மேலே தகரத்தில் விழுகிற மழை மட்டும் எங்கோ தூரத்தில் பறை அடிக்கிற மாதிரி இறங்கும்.

மாசியில் ஒருநாள், வயலில் எல்லாம் அறுப்பு முடிந்திருந்தது. காப்பி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் ‘காலி அறை’ என்று ஓடிக்கொண்டிருந்தது, ஏறக்குறைய முடிகிற இடத்தில். ஒரு கை கழுத்துத் துளையின் மேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் ஹெட்போனை எடுத்தாள். முகத்தில் பயமில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பலகையில் எழுதினாள்.

‘கடைசில மழை பேயுது. நல்ல மழை.’

அந்தப் பதிவு அக்னி நட்சத்திரத்தில் செய்தது. அந்த நாட்களில் என் மழைமானியில் ஒரு சொட்டு இல்லை. எழுதிவைத்ததைத் திரும்பவும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

“மழை வரும்போது அந்த மூச்சு கேக்குதா?” என்று கேட்டேன்.

பலகையின் தாளைத் தூக்கினாள். எழுதியது போய்விட்டது. காப்பியை வாங்கிக்கொண்டாள்.

ஊரார் பார்த்த பேய்க்கெல்லாம் மணியும் தேதியும் கேட்டவன் நான். அந்தப் பதிவை மட்டும் கடைசிவரை கேட்க என்னால் முடியவில்லை. அழிக்கவும் முடியவில்லை. முருகையன் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் வந்து பத்தாயத்து மூலையில் ஒரு பிடி நெல்லைப் போட்டுவிட்டுப் போனார். அது அங்கேயே கிடக்கிறது.

இது நடந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது, அடுத்தது வரப்போகிறது. டாக்டர் ஒவ்வொரு முறையும் நன்றாக இருக்கிறார்கள் என்றுதான் சொல்கிறார். ஆனால் தகரத்தில் முதல் துளி விழுந்ததும் ராஜி கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிடுவாள். பத்தாயத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பதிவில் இருந்த அந்த மழைதானா என்று காதுகொடுப்பாள். நான் வெளியே நிற்பேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும், பலகையைத் திருப்பிக் காட்டுவாள்.

‘இது இல்ல.’

அப்புறம் போய் அடுப்பைப் பார்ப்பாள். ஒவ்வொரு மழைக்கும் இப்படித்தான்.

நேற்று முருகையன் வாசலில் சைக்கிளை நிறுத்தி, “சம்பாவுக்கு இன்னும் ரெண்டு மழை வேணும் சார், நல்லா வேண்டிக்குங்க” என்றார். தலையை ஆட்டினேன், வேண்டிக்கொள்ளவில்லை. போன வாரம் பெய்த மழைக்குக் கதவு திறக்க வெகுநேரம் ஆனது. ‘இது இல்ல’ என்றுதான் எழுதிக் காட்டினாள். ஆனால் அதற்கு முன்னால் வேறு எதையோ எழுதித் தாளைத் தூக்கியிருந்தாள். தாளில் அந்த அழுத்தம் லேசாகத் தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் படித்திருக்கலாம், நான் பார்க்கவில்லை.