மாமியார் கடித்த விரல்

என் வலது கை ஆள்காட்டி விரலில், நடுக்கணுவுக்குச் சற்று மேலே, பிறை வடிவத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. என்னவென்று யாராவது கேட்டால், "மாமியார் கடிச்சது" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். மாமியார் என்றால் வார்த்தையால் கடிப்பவர் என்றுதானே நினைப்பு! நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். உண்மையிலேயே பல்லால் கடித்தார் என்று சொல்லப் போனால், பெங்களூருக்குப் பக்கத்திலுள்ள சிவகங்கே மலையையும் அந்தத் திங்கட்கிழமைக் காலையையும் முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

அத்தை பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்காரர். பிறந்தது ஆம்பூர்ப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே சந்தில் ஒரே வீடு. சாமி கும்பிடத் தமிழ், கோபம் வந்தால் கன்னடம் என்று இரண்டு மொழிக்கும் வேலை பிரித்துக் கொடுத்திருந்தார். நான் கம்ப்யூட்டர் வேலைக்காக வேலூரிலிருந்து பெங்களூருக்கு வந்து, அவர் மகனைக் கட்டிக்கொண்டவள். எங்களுக்குள் சண்டை கிடையாது, கொஞ்சலும் கிடையாது. மலைக்குப் போவதற்கு முந்தைய வருடம் என் கழுத்தில் ஒரு கட்டியை அறுத்து எடுத்தார்கள். அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்தார், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார், "இங்கே இட்லி கல்லு மாதிரி இருக்குது" என்றார், எழுந்து போய்விட்டார். ஆபத்தில்லாத கட்டிதான் என்று டாக்டர் சொன்னபோதும் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு அப்போது நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் கணவரின் அலுவலகத்திலும் பக்கத்து மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. ஒருநாள் அத்தை, "சிவகங்கே மலை ஏறணும். செருப்பில்லாம, பச்சத் தண்ணி பல்லுல படாம. மேல நந்திக்கு என் கையால வெல்லம் வெக்கணும்" என்று அறிவித்தார். எதற்கு, யாருக்கு என்று சொல்லவில்லை. மகனுடைய வேலைக்குத்தான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அந்தச் சமயத்தில் என் கணவர் லீவு கேட்டால் நிரந்தரமாகக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே துணைக்கு நான்தான் போக வேண்டியதாயிற்று.

மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் விடியற்காலையில் தும்கூர் சாலைப் பஸ் பிடித்து, இடையில் இறங்கி, வேறொரு பஸ் மாறி, மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வார நாள் என்பதால் கூட்டமே இல்லை. மோர், வெள்ளரிக்காய் விற்கும் கடைகள் கோணியால் மூடிக் கிடந்தன. பாதி தூரம் ஏறுவதற்குள் ஒரு குரங்கு வந்து என் பையைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. வாழைப்பழம், பிஸ்கட், தண்ணீர் பாட்டில் எல்லாம் அதிலேதான். நான் கத்தினேன். அத்தை சிரித்தார். "அதுக்கும் பசிக்கும்ல, துன்னட்டும் வுடு" என்றார். நந்திக்கான அச்சு வெல்லத்தை அவர் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தார். எங்களிடம் மிச்சமிருந்த தின்பண்டம் அது ஒன்றுதான்.

அதற்கு மேல் மலை வேறு மாதிரி. மண்ணும் மரமும் முடிந்து வெறும் பாறை. பாறையிலேயே வெட்டிய குறுகலான படிகள், பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. கம்பிக்கு அப்பால் பாறை சரிந்து இறங்கி, ஓரிடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதற்கும் கீழே தென்னந்தோப்புகள் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தன. காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. நான் ஷூ போட்டிருந்தும் எனக்குக் கால் கூசியது. அத்தை வெறுங்காலோடு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

திடீரென்று நின்றார். "யார்ரீ இந்தப் படிய இப்பிடி வெட்டனது? அறிவு கெட்ட பசங்க" என்று திட்ட ஆரம்பித்தார். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தக் குளிர்காற்றில் வியர்வை தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்த கை வெடவெடவென்று ஆடியது. அத்தைக்குச் சர்க்கரை உண்டு. என் அப்பாவுக்கும் உண்டு. அவர் ஒருமுறை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்து, குளியலறையில் சாய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"அத்தை, காலையில மாத்திரை போட்டீங்களா?"

"போடாம? அத மட்டும் அப்பிடியே முழுங்கினேன். மாத்திரை இன்னா சோறா, விரதம் கெட?"

தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தவர், சர்க்கரையை இறக்கும் மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு மலையேறியிருக்கிறார். மாத்திரை சாப்பாட்டில் சேராது என்பது அவருடைய சட்டம். "உக்காருங்க, அந்த வெல்லத்த வாயில போடுங்க" என்றேன். அவர் கண் மாறிவிட்டது. "அது நந்தியோடது" என்று முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் கையை நீட்டினேன். நான் யாரென்றே அப்போது அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். திருடியிடமிருந்து தப்பிப்பவர் போலக் குனிந்து, கம்பிக்கு அடியில் நுழைந்து, சரிந்த பாறைக்குப் போய்விட்டார்.

அந்தப் பாறையில் அவர் நின்ற கோலம் இன்றும் என் கனவில் வரும். மேலே தெரிந்த நந்தியை நோக்கிக் கை நீட்டியபடி, தள்ளாடிக்கொண்டு நின்றார். பின்னால் ஓர் அடி வைத்தால் போயிற்று. கத்தினால் திரும்புவார், திரும்பினால் விழுவார். ஷூவைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்தபடியே பாறையில் நகர்ந்தேன். தொடும் தூரம் வந்ததும் அவருடைய புடவைக் கொசுவத்தை இறுக்கிப் பிடித்தேன். அதே நேரம் அவருக்குக் கால் மடங்கியது. இருவரும் சேர்ந்து கொஞ்சம் சறுக்கினோம். பாறையில் ஒரு வெடிப்பு இருந்தது. என் குதிகால் அதில் மாட்டிக்கொண்டது. அந்த வெடிப்பு இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஒரு கையால் அவரை அணைத்துக்கொண்டு, முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தேன். வெல்லத்தைக் கடித்து உடைத்தேன். அவரால் மென்று விழுங்க முடியாது என்று தெரிந்தது. ஆகவே துகளாக விரலில் எடுத்து, கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் தேய்த்தேன். "பிடு! கை பிடு!" என்று கன்னடத்தில் குழறினார். கையை விடு என்கிறார். நான் விடவில்லை. கடித்தார். எலும்பில் பல் பட்டது. விரலை எடுத்தால் திரும்ப வாயைத் திறக்க மாட்டார் என்ற பயத்தில் எடுக்காமலே தேய்த்துக்கொண்டிருந்தேன். உதவிக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மொபைலில் சிக்னல் இல்லை. 'சாமி, உன் வெல்லத்தைத்தான் கொடுக்கிறேன், கோபப்படாதே' என்று நந்தியைப் பார்த்து அழுதேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு நேரமோ. மெதுவாகப் பல்லின் பிடி தளர்ந்தது. நாக்கைச் சப்புக்கொட்டினார். கண்ணைத் திறந்து சுற்றும்முற்றும் பார்த்தார்.

"ஏண்டி, இன்னாத்துக்கு நாம கம்பிக்கு வெளிய உக்காந்துனு இருக்கறோம்?"

தவழ்ந்து தவழ்ந்து படிக்கு வந்து சேர்ந்தோம். மிச்ச வெல்லத்தையும் தின்ன வைத்தேன். எதிர்ப்பு இல்லை. பிறகுதான் அவிழ்ந்து கிடந்த முந்தானையைப் பார்த்தார், வாயில் இருந்த இனிப்பு என்னவென்று புரிந்தது. அப்போது வந்தது கோபம்.

"கெடுத்துட்டியே! எல்லாத்தயும் கெடுத்துட்டியே! நாளைக்கு உன் கழுத்துல திரும்பவும் கட்டி வந்தா நான் இன்னா பண்ணுவேன்? இன்னொரு வாட்டி ஏற்றதுக்கு எனுக்குக் காலு இருக்குதா?"

மகனுடைய வேலைக்கு என்று நான் நினைத்திருந்த வேண்டுதல் என் கழுத்துக்கானது. ஆஸ்பத்திரியில் இட்லியைக் குறை சொல்லிவிட்டுப் போனவர் நேராக இந்த மலைக்குத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. "அழுவாதடி, வெரல்ல ரத்தம் பாரு" என்று சொல்லி, வெல்லம் முடிந்திருந்த முந்தானை முனையையே கிழித்துக் கட்டிவிட்டார். அது தன் பல்லின் வேலை என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. நந்தி கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நாங்கள் மேலே போகாமல் இறங்கிவிட்டோம்.

இப்போது ஸ்ரீராம்புரத்து வீடு இல்லை, அடுக்குமாடியில் இருக்கிறோம். அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. எனக்கு இன்னும் வருடத்துக்கு ஒருமுறை கழுத்தை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். எதற்கெடுத்தாலும் விரதம் இருக்கிற அத்தை, அந்த ஒருநாள் மட்டும் விரதம் இருப்பதில்லை. மலையிலிருந்து இறங்கியதிலிருந்து அதுதான் வழக்கம். நான் கிளம்பும் முன் என் கண்ணெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார். அதற்குப் பிறகு மாத்திரையைத் தூக்கி எனக்குக் காட்டிவிட்டு விழுங்குவார்.

போன மாதம் ஸ்கேன் நாள் வந்தபோது அவருக்குக் காய்ச்சல். இட்லி தொண்டையில் இறங்கவில்லை. "கஷ்டப்படாதீங்க அத்தை, கஞ்சி வெச்சுத் தரேன்" என்றேன். கேட்கவில்லை. என் கையைப் பிடித்துத் தழும்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "இன்னும் போவலியா இது?" என்றார். "போகல" என்றேன். ஒரு விள்ளல் இட்லியைப் பாலில் நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். நான் நம்ப வேண்டும் என்பதற்காக வாயைத் திறந்தும் காட்டினார். என்னைக் கடித்த பற்களில் ஒன்றுகூட இப்போது அங்கே இல்லை.

"துன்னுட்டேன் பாத்துக்கோ. ஒன்னும் இருக்காது, போயிட்டு வா" என்றார்.