பூன் லேயிலிருந்து வந்த எந்திரம்

எனக்கு லிஃப்ட் பராமரிக்கும் வேலை. ஓய்வு நேரத்தில் பழைய நீராவி எந்திர மாதிரிகளைச் சேர்க்கிறேன். உள்ளங்கை அகல பாய்லர், அதன் கீழே ஸ்பிரிட் விளக்கு, பக்கத்தில் ஒரு சுழல் சக்கரம். லிட்டில் இந்தியாவுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் ஓர் அறை முழுக்க அவைதான். எது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று கண்டுபிடிப்பதில்தான் எனக்கு ருசி. புகைபோக்கியின் வடிவம், ரிவெட்டுகளின் இடைவெளி, திருகின் புரி அங்குலக் கணக்கா மில்லிமீட்டரா என்று பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில், "பணம் வேண்டாம், ஓட்டத் தெரிந்தவர் மட்டும் வரவும்" என்று ஒரு நீராவி எந்திர மாதிரியின் படத்தோடு ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். நகரின் மேற்குக் கோடியில், பூன் லேயில் ஓர் அடுக்குமாடி வீடு. கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், தனியாக இருந்தார். கூடத்தில் மாதா படம். எந்திரம் அவருடைய அப்பாவுடையது. கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, நாலு மணிக்கு அதை ஓட்டுவாராம். வேறு யாரையும் தொட விடமாட்டாராம்.

"அப்பா போய் எட்டு வருஷமாச்சு தம்பி. அப்புறம் யாரும் கொளுத்தல. ஆனா ஞாயித்துக்கிழமை நாலு மணியானா ஸ்பிரிட் வாடை வருது."

விளக்கில் மிச்சம் இருந்திருக்கும், கசிந்திருக்கும் என்றேன். அவர் எந்திரத்தைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கைத்தான் முதலில் கழற்றிப் பார்த்தேன். சுக்காய்க் காய்ந்திருந்தது. திரியைத் தொட்டதும் பொடியாய் உதிர்ந்தது. பாய்லரின் மூடியைத் திருகிச் சாய்த்தேன். தண்ணீர் கொட்டியது. தெளிந்த தண்ணீர், சரியான அளவில். எட்டு வருடம் கிடந்த தண்ணீர் துருவும் பச்சையுமாக அல்லவா வரவேண்டும்?

எந்திரத்தில் செய்தவர் முத்திரை எதுவும் இல்லை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் மூவருக்குப் படம் அனுப்பினேன். ஆளுக்கொரு நாட்டைச் சொன்னார்கள். திருகுகளில் பாதி அங்குலக் கணக்கு, பாதி மில்லிமீட்டர் கணக்கு.

அடுத்த ஞாயிறு மதியம் நான் கூடத்தில் படுத்திருந்தேன். சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்: "உள்ள எதையாச்சும் கொளுத்தினீங்களா?"

எழுந்து போய் அறைக்கதவைத் திறந்தேன். வாடை முகத்தில் அடித்தது. ஏர்கான் குளிரில் மற்ற பாய்லர்கள் எல்லாம் சில்லென்றிருந்தன. இது மட்டும், யாரோ இவ்வளவு நேரம் கையில் பொத்தி வைத்திருந்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. மணி நாலு. மூடியைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை.

மூன்றாவது வாரம் அந்த அம்மா போன் செய்தார்.

"இங்க அந்த வாடை நின்னுபோச்சு தம்பி. அங்க வருதா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. அவர், "வீடு காலியாயிட்ட மாதிரி இருக்கு" என்றார்.

அந்த வாரம் சக்கரத்தின் கறுப்புச் சாயத்தைக் கொஞ்சம் சுரண்டினேன். அடியில் ஓர் அம்புக்குறி தெரிந்தது, பக்கத்தில் 'ஓபன்' என்று ஆங்கிலத்தில் வார்த்த எழுத்து. அது கப்பல் குழாயைத் திறக்கும் வட்டக் கைப்பிடி. பிறகு எல்லாம் புரிந்தது. பாய்லர் ஒரு குழாய்த் துண்டு. ஒவ்வொரு விளிம்பிலும் அரம் பிடித்த கையின் கோடுகள். இது எந்த நாட்டிலிருந்தும் வரவில்லை. அந்த அம்மாவின் அப்பாவே செய்தது.

ஞாயிற்றுக்கிழமை அதை மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். வழியில் ரயில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. லேக்சைடு நிலையம் தாண்டும்போது எதிரே உட்கார்ந்திருந்த சீன மூதாட்டி மூக்கைச் சுளித்தார், என் பையைப் பார்த்தார், எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். மணி நாலாகிவிட்டதா என்று நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மடி சுட ஆரம்பித்திருந்தது.

நான் மணியடிப்பதற்கு முன்பே கதவு திறந்திருந்தது. அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்துத்தான் கேட்டார்: "வந்துட்டீங்களா?"

பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். கண்டுபிடித்ததையும் சொன்னேன். யாரோ ஒரு வெள்ளைக்கார மாலுமி கொடுத்ததாகத்தான் அப்பா கடைசிவரை சொன்னாராம். சக்கரத்திலிருந்த எழுத்தை அந்த அம்மா விரலால் நெடுநேரம் தடவினார்.

"நான் செஞ்சேன்னு சொல்லியிருக்கலாம்ல," என்றார். கோபமா அழுகையா என்று எனக்குப் புரியவில்லை.

ஓட்டிக் காட்டச் சொன்னார். கடையில் வாங்கிய ஸ்பிரிட்டை ஊற்றி, புதுத் திரி போட்டேன். பாய்லரை நிரப்ப மூடியைத் திறந்தபோது அதில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சக்கரம் பத்து நிமிடம் சீராகச் சுழன்றது. எந்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வாடை திரும்பிவிட்டதாகவும், இப்போது நன்றாகத் தூங்குவதாகவும் மறுவாரம் சொன்னார். எங்கள் வீட்டில் அதன்பின் எதுவும் இல்லை. ஆனாலும் மனைவி அந்த அறையில் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டாள். காரணத்தை நான் கேட்டதில்லை.