உலர்த்தும் அறைக்கு வெளியே நின்றவர்

அறுபதைத் தாண்டியும் வீட்டில் அவள் பெயர் சின்னவள்தான். சலவை ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் இஸ்திரி போட்டவள். ஆஸ்பத்திரி விரிப்பாகட்டும், ஓட்டல் மேசைத் துணியாகட்டும், அவள் கைக்கு வந்தால் கோணல் மாணல் இல்லாமல்தான் வெளியே போகும். பேச்சு மட்டும் குறைவு. அதனால் ஆலையில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தார் மேற்பார்வையாளர். பெண்கள் அவருக்கு வைத்த பெயர் வெள்ளைச்சட்டை. சோப்புத் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் ஒரு சொட்டுக்கூட மேலே படாமல் நடக்கிற வித்தை அவருக்கு மட்டுமே தெரியும்.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளர் வைப்பு நிதி அலுவலகத்திலிருந்து சோதனைக்கு ஆள் வந்தால், வெள்ளைச்சட்டை பெண்களையெல்லாம் உலர்த்தும் அறைக்குள் அனுப்பி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார். உள்ளே நீராவிக் குழாய்கள், தொங்கும் ஈரத் துணிகள், வெந்து கிடக்கும் காற்று. ஆனாலும் பெண்கள் முணுமுணுத்ததில்லை.

"உங்க பேரு அங்க ஏறிச்சுன்னா மாசா மாசம் சம்பளத்துல பிடிப்பாங்க. பல்லு போனப்புறம் வர்ற காசை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க?" என்பார். முதலாளியும் தன் பங்கைக் கட்ட வேண்டும் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

அவர்களும் அதை நம்பினார்கள். சம்பளம் தப்பித்தது என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி, தாங்களே மூச்சு காட்டாமல் நின்றார்கள். ஓய்வூதியம் என்பது நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களின் சமாச்சாரம் என்பது அன்றைய எண்ணம்.

ஒரு வெயில் காலத்தில், இஸ்திரி போட்ட துணிகளை மடித்து அடுக்குகிற மடிப்புக்காரி உள்ளே மயங்கி விழுந்தாள். அவளுடைய முழங்கை குழாயில் பட்டுத் தோல் வழன்றுவிட்டது. சின்னவள் தட்டு தட்டென்று கதவைத் தட்டினாள். வெளியே வெள்ளைச்சட்டை சோதனைக்காரரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். "அது மெஷின் சத்தம் சார், பழைய மெஷின்" என்று அவர் சொன்னது கதவு வழியாகத் தெளிவாகக் கேட்டது. டீ முடிந்த பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது. மயங்கியவளைத் தூக்கி வெளியே கிடத்திவிட்டுச் சின்னவள் இஸ்திரிக்குத் திரும்பினாள். மனதுக்குள் ஓர் இடத்தில் அவரை உட்கார்த்தி வைத்தாள், எழுந்து போகவே விடவில்லை.

முதலாளி ஆலையை மூடி, இடத்தை விற்றுவிட்டுக் கண்காணாமல் போனார். சின்னவளின் கணவர் காலமானார். மகன் வெளியூரில் தன் வீட்டுக் கடனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பெற்றவர்களைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று யாரும் பேச்சுக்குக்கூடச் சொல்லாத காலம் வந்துவிட்டது. அவள் அக்கா வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்தாள். அக்கா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதைத்தான் சின்னவளால் தாங்க முடியவில்லை. குழம்பில் உப்பு குறைவு என்று சொல்லக்கூட நா எழாத இருப்பு ஒரு இருப்பா? தன் பெயருக்கென்று மாதம் ஒரு ஓய்வூதியம் வேண்டும், அவ்வளவுதான்.

விண்ணப்பித்தாள். முதலாளி அகப்படாததால் அலுவலகம் வெள்ளைச்சட்டையிடம் விசாரித்தது. "அந்தம்மா இங்கே வேலை பார்த்ததே இல்லை, அழுக்குத் துணி போட வந்து போவார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். விண்ணப்பம் தள்ளுபடி.

பிறகு விதி மாறியது. முன்பு முதலாளி தரப்பு சொன்னால்தான் தொழிலாளி. இப்போது, மூடிப்போன ஆலையென்றால், கூட வேலை பார்த்த இருவர் நேரில் வந்து சொன்னால் போதும். பழைய ஆட்களில் தேடிப் பிடிக்க முடிந்தது மடிப்புக்காரியை மட்டும்தான். அவளும் தனக்கென்று விண்ணப்பம் போட்டாள். இன்னொருவருக்கு எங்கே போவது என்று சின்னவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, வெள்ளைச்சட்டையே வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, சௌக்கியமா?"

"இத்தனை வருஷம் ஊமைக்கோட்டான். இன்னிக்குத் தங்கச்சியா?"

உள்ளே அக்காவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

"முதலாளி என்னையும் கவுத்துட்டான்மா. என் பேரையும் ஏத்தலை."

"அப்ப நீங்களும் அழுக்குத் துணி போட வந்தவர்தானா?"

"நடந்தது நடந்துபோச்சு. உங்க ரெண்டு பேருக்கும் நான் சொல்றேன். எனக்கு நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க."

"முதல்ல நீங்க சொல்லுங்க. அப்புறம் நான் பார்த்ததைச் சொல்றேன்."

விசாரணைக்கு முன்பே சின்னவள் அலுவலகத்துக்குப் போய் விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். முதலாளி சார்பாக ஆட்களை வைத்து வேலை வாங்கியவருக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. அதனால்தான் வெள்ளைச்சட்டை தன் விண்ணப்பத்தில் 'துணி துவைப்பவர்' என்று எழுதியிருந்தார்.

விசாரணை நாளில் அவர் முதலில் எழுந்தார். இரண்டு பெண்களும் அங்கேதான் வேலை பார்த்தார்கள் என்றார்.

"முன்னாடி இல்லேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே?" என்றார் அதிகாரியம்மா.

"அது... யார் கேட்டாலும் இல்லேன்னு சொல்லச் சொல்லிட்டுப் போனாரு முதலாளி."

"அப்ப அது பொய்?"

"பொய்தான்மா."

"காதுல விழலை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க மேடம்" என்றாள் சின்னவள்.

இன்னொரு தடவை சொன்னார். சின்னவள் கண்ணை எடுக்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து அவள் முறை. "இவர் அங்க துணி துவைச்சாராம்மா?"

"ஒரு கைக்குட்டைகூட நனைச்சதில்லை மேடம். எங்களை வேலை வாங்கினதும் இவர்தான், உங்க ஆளுங்க வந்தா எங்களை உள்ள போட்டுப் பூட்டினதும் இவர்தான். வேலையில குறை சொல்ல முடியாது. பூட்டுற அன்னிக்கு மட்டும் லீவே போட மாட்டார்."

யாரும் கேட்காமலே மடிப்புக்காரி ரவிக்கைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினாள். அதிகாரியம்மா எழுதுவதை நிறுத்திப் பார்த்தார். பிறகு நிறைய எழுதினார். மேற்பார்வையாளரே ஒப்புக்கொண்டதால் பெண்கள் இருவரின் கோரிக்கைக்கும் பலம் கூடிவிட்டது என்றார். வெள்ளைச்சட்டையிடம், நீங்கள் போகலாம் என்று மட்டும் சொன்னார்.

படிக்கட்டில் அவர் கைகூப்பாத குறையாக வழிமறித்தார். "பேசினது என்ன, நீ செஞ்சது என்ன? வீட்டுக்காரி படுத்த படுக்கையா இருக்கா தங்கச்சி. நான் எங்க போவேன்?"

"பார்த்ததைச் சொல்றேன்னேன். சொல்லிட்டேன். நகருங்க."

தெருமுனை வந்ததும் மடிப்புக்காரி கேட்டாள். "படுத்த படுக்கைன்னதும் உனக்கு ஒரு மாதிரி இல்லையாடி?"

"இல்லை. அப்படி ஏதாவது வந்தா சொல்றேன்."

முதல் மாத ஓய்வூதியம் வந்த அன்று, பாஸ்புத்தகத்தைக் கையில் தெரியும்படி பிடித்துக்கொண்டு, வங்கியிலிருந்து சின்னவள் வெள்ளைச்சட்டையின் தெரு வழியாகத்தான் வீட்டுக்கு நடந்து வந்தாள். அது சுற்று வழி.