என்ன வேண்டுதல் தம்பி?

எங்க கடலூர்ப் பக்கம் ஒருத்தன் தோள்ல பையை மாட்டிக்கிட்டு நாள் முழுக்க நடந்தான்னா, ஒண்ணு வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போறான், இல்லன்னா வீட்ல சண்டை போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டான். கடலைப் பாத்துக்கிட்டே நடக்கலாம்னு வந்தோம்னு சொன்னா ஒரு ஆள் நம்ப மாட்டான். பஸ்ஸு இல்லியா, இல்ல மூளைதான் இல்லியான்னு பாப்பான். நாங்க நடந்தது 2009 ஆவணியில. வேளாங்கண்ணிக் கொடியேத்தத்துக்குக் காவி கட்டின ஜனங்க கூட்டம் கூட்டமா தெக்கால போற சமயம். எங்களையும் அந்தக் கணக்குலயே சேத்துட்டாங்க. டீக்கடையில நின்னாலும் சரி, குழாயடியில நின்னாலும் சரி, ஒரே கேள்விதான். என்ன வேண்டுதல் தம்பி?

நாங்கன்னா நானும் என் மச்சானும். எங்க அப்பாவோட தங்கச்சி மகன். அவன் வீடு மேல்பட்டாம்பாக்கம், கரும்பு போடற குடும்பம். எங்க வீடு திருப்பாதிரிப்புலியூர். என்னைவிட ரெண்டு வயசு பெரியவன், ஆனா வாடா போடாதான். மஸ்கட்ல வேலை கிடைச்சு, விசாவும் வந்துடுச்சு. அடுத்த மாசம் பிளைட். அதுக்குள்ள சிங்காரத்தோப்புல ஆரம்பிச்சு கரையோரமாவே சிதம்பரம் வரைக்கும் நடந்துடணும்னு அவனுக்கு ஒரு ஆசை. எத்தனை தடவை பஸ்ல போயிருக்கோம், ரோட்டுக்குக் கிழக்கால என்ன இருக்குன்னு எட்டிக்கூடப் பாத்ததில்லையேடான்னு புலம்புவான். நான் அப்ப சிதம்பரத்துல எம்.ஏ. படிச்சுக்கிட்டு ஹாஸ்டல்ல இருந்தேன். கடைசி ராத்திரி என் ரூம்ல படுத்துக்கலாம், மத்த ராத்திரிக்குக் கிடைக்கற எடம்னு முடிவு பண்ணினோம்.

இதுல என் தங்கச்சி எங்க வர்றான்னு சொல்லிடறேன். அவளுக்கும் மச்சானுக்கும் முறை, அவனை மாமான்னுதான் கூப்பிடுவா. அவ பொறந்தப்பவே அத்தை, 'என் மருமக'ன்னு சொல்லித்தான் கையில வாங்கினாங்களாம். அதுக்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கல. எடுக்க என்ன இருக்குன்னு இருந்துட்டாங்க. இவன் வெளிநாடு போறான்னு ஆனதும்தான் எல்லாருக்கும் உறைச்சுது. அத்தை, அண்ணன் வாயால ஒரு வார்த்தை கூப்பிடட்டும், தாம்பூலத்தோட வந்து நிக்கறேன்னு உக்காந்திருந்தாங்க. அப்பா, பொண்ணைப் பெத்தவன் நானா போய்க் கேக்கறதா, தங்கச்சி வரட்டும்னு உக்காந்திருந்தாரு. நடுவுல விழுப்புரத்துலேர்ந்து ஒரு ஜாதகம் வந்து சாமி படத்துக்கு முன்னாடி இருந்துச்சு. மாப்பிள்ளைக்கு கவர்மென்ட் வேலை. மச்சான் பிளைட் ஏறறதுக்குள்ள ஏதாவது ஒரு பக்கம் வாயைத் திறந்தா தங்கச்சி மேல்பட்டாம்பாக்கம். இல்லன்னா விழுப்புரம். நிலவரம் இவ்ளோதான்.

கிளம்பற அன்னிக்குக் காலைல தங்கச்சி எனக்குப் புளிசோறு கட்டினா. இலையை மடிச்சுக்கிட்டே, என் மூஞ்சியைப் பாக்காமலேயே சொன்னா.

"மாமா என்ன நெனைக்கிறாங்கன்னு கேட்டுக்கிட்டு வாண்ணா. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாத."

சரின்னேன். எவ்ளோ லேசா சரின்னேன்னு நெனைச்சா இப்பவும் என் மேலயே எரிச்சலா வருது.

என் தோள்ல காலேஜ் பை. அவன் தோள்ல லேப்டாப் இல்லாத ஒரு லேப்டாப் பை. சிங்காரத்தோப்புலேர்ந்து தெக்கால நடந்தா கொஞ்ச தூரத்துலயே ஆள் சத்தம் அடங்கிடுது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மணல் மேடு, அப்பறம் பனைமரம். சுனாமி வந்து அஞ்சு வருஷம் ஆகப்போகுது, கரையில வீடு இருந்த எடத்துல வெறும் அடித்தளம் மட்டும் நிக்குது. ஒரு எடத்துல சமையலறை மேடை மட்டும் தனியா, டைல்ஸ் ஒட்டினபடி இருந்துச்சு. அது மேல ஒரு நாய் படுத்திருந்துச்சு. ஜனமெல்லாம் உள்ள தள்ளிக் கட்டின காலனிக்குப் போயிட்டாங்க. கரையில புதுசா நட்ட சவுக்கு, இடுப்பு உசரத்துக்கு வளந்திருந்துச்சு. மச்சான் எல்லாத்தையும் நின்னு நின்னு பாத்தான். மஸ்கட்லயும் கடல் இருக்குடான்னு நான் கிண்டல் பண்ணினேன். அது வேற கடல்டான்னான்.

மணல்ல நடக்கறது என்னான்னு மத்தியானத்துக்குள்ள புரிஞ்சுபோச்சு. ஒரு அடி வெச்சா அரை அடி பின்னால இழுக்குது. என் செருப்பு வார் பிஞ்சு, சணல் கட்டிக்கிட்டு நடந்தேன். சாயந்திரம் கடலை விட்டுட்டு மெயின் ரோட்டுக்கு ஏறினோம். அங்க ஒரு சர்ச் ஸ்கூலோட போர்டிங். பசங்க தங்கற ஹாஸ்டல்தான், ஆனா யாத்திரைக்காரங்களுக்கு ஹாலைத் திறந்துவிட்டிருந்தாங்க. காவி வேட்டி எல்லாம் கொடியில காயுது. நாங்க ஜீன்ஸ் பேன்ட்டோட போய் நிக்கறோம். யாரும் ஒரு வார்த்தை கேக்கல, ரெண்டு பாயை எடுத்துக் குடுத்தாங்க.

சாம்பார் சோறு போட்ட சமையக்காரம்மாதான் கேட்டாங்க, என்ன வேண்டுதல் தம்பின்னு. நான் சும்மா நடக்கறோம்மான்னேன். அவுங்களுக்கு அது பிடிக்கல. வேண்டுதல் இல்லாம யாராவது காலைப் புண்ணாக்கிக்குவாங்களான்னாங்க. மச்சான் சமாளிச்சான், போற எடத்துல வேலை நல்லபடியா அமையணும்மான்னு. நான் காலைக் கழுவ பம்ப்படிக்குப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தாங்க. நம்பி நட தம்பி, மாதா கைவிடமாட்டான்னு அந்தம்மா சொல்றது காதுல விழுந்துச்சு. மச்சான் தலையை ஆட்டிக்கிட்டிருந்தான். பய நல்லா நடிக்கிறான்னு நெனைச்சுக்கிட்டேன்.

மறுநாள் அவனுக்கு அதுவே விளையாட்டாப் போச்சு. வலை பிரிச்சுக்கிட்டிருந்தவர் கேட்டா, இவனுக்கு அரியர்ஸ் கிளியராகணும்பான். டீக்கடையில கேட்டா, தலைல முடி கொட்டாம இருக்கணும்பான். மீன் கூடை எறக்கின ஒரு அக்காகிட்ட, கல்யாணம் ஆகணும்க்கா, பொண்ணு கிடைக்க மாட்டேங்குதுன்னு சொன்னான். உனக்கா கிடைக்காது, வாயைத் திறந்து கேட்டாத்தானே கிடைக்கும்னு அந்தக்கா சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சரி, இதான் சமயம், பேச்சை எடுத்துடுவோம்னு தோணுச்சு.

சாமியார்பேட்டை தாண்டி ஒரு சவுக்குத்தோப்புல உக்காந்தோம். மிச்சம் இருந்த பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டே, மச்சான் நீ பாட்டுக்கு போறியே, இங்க ஒண்ணும் முடிக்கவேண்டியது இல்லியான்னு கேட்டேன். அவனுக்குப் புரிஞ்சுது. மாமா, அதான் எங்க அப்பா, என்ன சொல்றாருன்னு கேட்டான். அவரு என்ன சொல்லப்போறாரு, முறைக்காரன் எங்க போயிடுவான்னு இருக்காருன்னேன். மணலைக் கிளறிக்கிட்டிருந்தான். அப்புறம் கேட்டான்.

"முறை கிடக்கட்டும்டா. அவகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?"

பதில் என் நாக்கு நுனியில இருந்துச்சு. கேக்கச் சொன்னதே அவதான்டா மடையா. ஆனா சொல்லிடாதன்னு சொல்லியிருக்காளே. அதோட, எங்க ஊட்டுப் பொண்ணு ஒருத்தன் மேல ஆசையா இருக்கான்னு அண்ணன்காரன் எப்படி வாயால சொல்றது? அப்படிச் சொன்னா அவளை எறக்கிச் சொன்ன மாதிரி ஆயிடும்னு ஒரு நெனப்பு. எங்க குடும்பங்கள்ல ஒரு பொண்ணை ஒசத்திப் பேசணும்னா ஒரே ஒரு வழிதான். பெரியவங்க பேச்சைத் தட்டமாட்டா. நானும் அதையே சொன்னேன்.

"அவ என்னடா சொல்லப்போறா? பெரியவங்க யாரைக் காட்டினாலும் சரிம்பா."

என் தங்கச்சிக்கு நான் குடுத்த சர்ட்டிபிகேட் அது. இதைவிட நல்லவிதமா ஒருத்தியைப் பத்திச் சொல்லமுடியாதுன்னு நிஜமாவே நெனைச்சேன். அவன் ஓஹோன்னான். எழுந்து பேன்ட்ல மணலைத் தட்டினான், பையை மாட்டினான். வேலை முடிஞ்சுதுன்னு எனக்குள்ள ஒரு நிம்மதி வேற. கேட்டுட்டேன், அவனும் ஆசையாத்தான் கேக்கறான், இனிமே அத்தைகிட்ட சொல்லுவான், வந்துடுவாங்கன்னு என் மனசுல பந்தக்கால் நட்டு முடிச்சுட்டேன்.

அன்னிக்குப் பொழுது சாயறப்போ பரங்கிப்பேட்டை. தர்காவை ஒட்டி வழிப்போக்கருக்குன்னு ஒரு அறை. பாத்துக்கற பாய் சாவியைக் குடுத்துட்டு, டீ வாங்கி வந்து வெச்சாரு. அவரும் கேட்டாரு, வேளாங்கண்ணியா தம்பி, என்ன வேண்டுதல்னு. நான் மச்சானைப் பாத்தேன், இவருக்கு என்ன கதை விடப்போறானோன்னு. அவன் டம்ளரைப் பாத்துக்கிட்டே, வேண்டுதல்லாம் ஒண்ணும் இல்ல பாய், சும்மாதான் நடக்கறோம்னான். அலுப்பு ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு நெனைச்சேன். என் புத்தி அவ்ளோதான் எட்டுச்சு.

மறுநாள் படகுல வெள்ளாத்தைத் தாண்டி, கிள்ளை வழியா சிதம்பரம் போய்ச் சேந்தோம். ஹாஸ்டல்ல என் கட்டில்ல அவன் படுத்தான், நான் கீழ. மெஸ்ல கெஸ்ட்டுன்னு சொல்லி இட்லி வாங்கிக் குடுத்தேன், சாம்பாரைக் குறை சொல்லாம சாப்பிட்டான். அதுவே அதிசயம். காலைல வெளிய வந்தப்ப ரோட்ல ஒரு கூட்டம் சின்னதா ஒரு மாதா தேரை இழுத்துக்கிட்டுப் பாடிக்கிட்டே போச்சு. பாதியில நின்னுட்டோமே, வேளாங்கண்ணி வரைக்கும் போயிடலாமாடான்னு சும்மா சீண்டினேன். எதுக்கு, அதான் நீயே சொல்லிட்டியேன்னான். என்ன சொன்னேன்னு கேட்டிருக்கணும். கால்ல கொப்புளம், பஸ் வேற வந்துடுச்சு. ஏறி உக்காந்துட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி என் பிஞ்ச செருப்பை எடுத்துப் பாத்துக்கிட்டே, கேட்டியான்னா. கேட்டேன், அத்தை வருவாங்க பாருன்னேன். அவ மூஞ்சி மலந்ததை நான் பாத்தேன். அதைத்தான் மறக்கமுடியல.

அத்தை வரல. அவன் பிளைட் ஏறினான். மாமா பொண்ணைக் கேளும்மான்னு அவனே சொல்லாதப்ப நான் எப்படிப் போறதுன்னு அத்தை இருந்துட்டாங்க. கூடப்பொறந்தவளுக்கு இவ்ளோ திமிரான்னு அப்பா பொருமினாரு. சாமி படத்துக்கு முன்னாடி இருந்த ஜாதகத்தை எடுத்தாரு. தை மாசம் கல்யாணம். விழுப்புரம் மாப்பிள்ளை தங்கமான மனுஷன், இன்னிவரைக்கும் அவர் மேல ஒரு குறை சொல்லமுடியாது. அதையும் சொல்லித்தான் ஆகணும். தங்கச்சி என்கிட்ட அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. மாமாவுக்கு நம்ம மேல அப்படி ஒண்ணும் நெனப்பு இல்லபோலன்னு அவளே ஒரு முடிவுக்கு வந்திருக்கணும்.

மச்சான் முதல் லீவுல வந்தது 2012 பொங்கலுக்கு. தானே புயல் அடிச்சு முடிச்ச சூடு இன்னும் ஆறல. பலாமரம், முந்திரி எல்லாம் வேரோட சாஞ்சு கிடந்துச்சு. ரெண்டு பேரும் என் பைக்ல அந்த ரோட்ல போனோம். அந்த போர்டிங் தெரியுதாடான்னு வண்டியை நிறுத்தச் சொன்னான். ஹால் மேல இருந்த ஷீட்டெல்லாம் பறந்துபோய், தார்ப்பாய் கட்டியிருந்தாங்க. அதே சமையக்காரம்மா. எனக்கு அவுங்க அடையாளமே தெரியல. அவனை அவுங்களுக்குத் தெரிஞ்சுது.

"மாமா பொண்ணைக் கட்டிக்கணும்னு வேண்டிக்கிட்டியே தம்பி, நடந்துச்சா?"

நான் பம்ப்படியில காலைக் கழுவிக்கிட்டிருந்தப்ப இவன் சொன்னது இதுதானா? மச்சான் சிரிச்சான். பாதியிலயே நின்னுட்டேம்மா, வேளாங்கண்ணி வரைக்கும் போகலன்னான். ஏன் தம்பின்னாங்க.

"அவளுக்கு ஆசை இருக்குன்னு தெரிஞ்சா போயிருப்பேன். யாரைக் காட்டினாலும் சரின்னு சொல்ற பொண்ணை, முறைங்கறதுக்காகக் கட்டிக்கிறது பாவம் இல்லியாம்மா?"

என் வார்த்தை. ரெண்டரை வருஷமா அதையேதான் வெச்சுக்கிட்டு இருந்திருக்கான். அவ உன்னைத்தான்டா கேட்டான்னு அப்ப கத்திச் சொல்லணும்போல இருந்துச்சு. ஆனா அவ கைக்குழந்தையோட பொங்கலுக்கு வந்திருக்கா, வீட்ல இருக்கா. இப்ப சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது? வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். வழியெல்லாம் அவன்தான் பேசிக்கிட்டு வந்தான், எந்தத் தோப்புல எத்தனை மரம் போச்சுன்னு.

அவனை மேல்பட்டாம்பாக்கத்துல எறக்கிவிட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். தங்கச்சி குழந்தைக்குத் தலை துவட்டிக்கிட்டிருந்தா. எங்கண்ணா போனீங்க ரெண்டு பேரும்னு கேட்டா. நடந்தப்ப தங்கினோமே, அந்த போர்டிங் வரைக்கும்னேன். குழந்தை தலையை விட்டுட்டு என்னை நிமிந்து பாத்தா. கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையா அந்த நடையைப் பத்திக் கேட்டா.

"அன்னிக்கு நான் கேட்டேன்னு மாமாகிட்ட சொல்லிடலையே?"

சத்தியமா சொல்லலன்னேன். அந்த ஒரு வாக்கையாவது காப்பாத்தினேன்னு இருந்துச்சு எனக்கு.

அவ குழந்தை தலையை மறுபடியும் துவட்ட ஆரம்பிச்சா.

"சொல்லியிருக்கலாம்ணா."