ஜெபத்துக்கு அடங்காத விருந்தாளிகள்

சபையில் சாட்சி சொல்ல எழுந்து நின்றால் எனக்கு நா எழும்பாது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்திய உபவாச நாட்களில், ஒரு மத்தியானம். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். செகந்திராபாத் மெட்டுகுடா வீட்டில் நான் தனியாக இருந்தேன். சமையலறையிலிருந்து வந்து பார்த்தால், சாப்பாட்டு மேசையில் முன்பின் தெரியாத ஒரு பெண். பச்சைச் சேலை. தலையில் பூ வைத்த தொப்பி. என்னையே பார்க்கிறாள். பேசவில்லை.

எனக்கு நடுப்பார்வை போய் வெகுநாளாகிறது. பெற்ற மகன் எதிரில் நின்றாலும் முகம் இருக்கும் இடத்தில் புகைதான். ஆனால் இவள் சேலைக் கரையில் நூல் பிரிந்திருந்ததுகூடத் தெரிந்தது. அதுதான் என்னை நடுங்கவைத்தது.

பிறகு தினமும் வந்தாள். சில நாள் பிள்ளைகளும் கூட வந்து அலமாரி ஓரம் வரிசையாக நிற்பார்கள். காலடிச் சத்தமே கிடையாது. ஒருநாள் நினைவில்லாமல் அவளுக்கும் காபி வைத்துவிட்டேன்.

"கைக்கும்மா ரெண்டு டம்ளர்? யாரு வராங்க?" என்றான் மகன் டேவிட். இந்த ஊர்ப் பேச்சு அவனுக்கு; 'எதுக்கு' என்பது 'கைக்கு', 'வேண்டாம்' என்பது 'நக்கோ'.

"உனக்குத்தான்டா."

"எனக்கு நக்கோ. இப்பதான் குடிச்சேன்."

"இயேசுவின் நாமத்தில் போ" என்று அவன் போனதும் அவளை அதட்டினேன். அவள் கண்கூடக் கொட்டவில்லை. அந்த நாமத்துக்கும் அடங்கவில்லையென்றால் குறை என்னிடம்தானே? ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். கோவிலில் திருவிருந்து அப்பம் வாங்கப் போவதை நிறுத்தினேன். புத்தி கலங்குகிறதோ என்றும் பயம்.

என் ஜெபம் சின்னது. "அப்பா, இதை என் வாயால் சொல்ல முடியாது. யாரையாவது கேட்க வையும்."

மழைக்காலம் தொடங்கியபோது டேவிட் என்னைச் செகந்திராபாத்தில் குறைபார்வைக்கென்றே இருக்கும் மருத்துவரம்மாவிடம் கூட்டிப்போனான். வேதம் வாசிக்கப் பூதக்கண்ணாடி கேட்கத்தான் போனோம். விளக்கு வைத்த கண்ணாடியைக் கொடுத்து, எழுத்தை ஓரக்கண்ணால் பார்க்கப் பழக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அம்மா, இல்லாத ஆளுங்க யாராவது கண்ணுக்குத் தெரியிறாங்களா?"

தலையாட்டினேன். அழுதுவிட்டேன்.

"ஏதாவது பேசுவாங்களா?"

"இல்லம்மா. பாத்துக்கிட்டே இருப்பாங்க."

"இது பைத்தியமும் இல்ல, பேயும் இல்ல. கண்ணு அனுப்பாத படத்த மூளையே வரைஞ்சுக்குது. நெறைய பேருக்கு இருக்கு. வெளிய சொல்லப் பயப்படறாங்க."

டேவிட் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அந்த ரெண்டாவது டம்ளர் யாருக்குன்னு இப்ப புரியுது. எங்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?"

பேயாக இருந்திருந்தால்தானே அந்த நாமத்துக்கு ஓடியிருக்கும்!

அவர்கள் அடியோடு போய்விடவில்லை. விளக்கைப் போட்டு, கண்ணை இரண்டு பக்கமும் அசைத்தால் கலைவார்கள். சில நாள் கலையமாட்டார்கள். இதை எழுதும்போதும் மேசைக்கு அந்தப் பக்கம் பச்சைச் சேலை தெரிகிறது.

போன மாதம் திருவிருந்துக்குப் போனேன். முழங்காலிட்ட வரிசையில் எனக்கு அடுத்து அவள். நான் கையை நீட்டினேன். அப்பம் என் கையில்தான் விழுந்தது.

உங்களிலும் யாராவது இப்படிப் பார்த்து, வெளியே சொல்லாமல் இருக்கலாம். ஆண்டவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். வாய் வரவில்லையென்றால், கேட்க ஒரு ஆளை அனுப்பும்படி ஜெபியுங்கள். எனக்கு அனுப்பினார்.